அப்பா பெயர் எழுதிய டப்பா

குவாஹாத்தி
ஜனவரி 29

அன்புள்ள அம்மாவுக்கு,

பூங்குழலி எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் கால் வீக்கம் வடிந்ததா? போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் லேபில் காகிதத்தில் கரி மையால் கோடு அச்சடித்துப் பட்டை செய்கிறோம். அதில் ஒரு சொட்டுச் சிறுநீர் விட்டால், கிட்னி கெட்டிருக்கிறதா என்று சின்ன மீட்டர் காட்டும். பொங்கலுக்கு வந்தபோது உப்பளத்து ஆண்கள் பன்னிரண்டு பேரிடம் டப்பாவில் வாங்கி வந்தேனே, அதற்குத்தான்.

அப்பா டப்பாவில் எண் மிக அதிகமாக வந்தது. பட்டைதான் கோளாறு என்று நான்கு முறை மாற்றிப் பார்த்தேன். நேற்று போனில் அவரிடம் மெதுவாகச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"பொண்ணுகிட்ட போயி அத எப்படிம்மா குடுக்கறது? வெக்கமா இருந்திச்சி. உங்கம்மாதான் ரொப்பி வெச்சா."

நானும் சிரித்து வைத்தேன்.

பயப்படாதே அம்மா, பட்டை தப்பாகவும் காட்டலாம். ஆனால் இது கிடைத்த மறுநாளே வேலைக்குப் போகாமல் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போ. உப்பளத்தில் ஒதுங்க மறைவில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, இங்கே குளிர் தாங்கவில்லை.

லேபுக்கு நேரமாகிவிட்டது. நீயும் இருபது வருஷமாக அதே பாத்தியில்தான் உப்பு சுமக்கிறாய். பன்னிரண்டு டப்பாவில் பெயர் எழுதிய எனக்கு, உன் பெயர் எழுதத் தோன்றவே இல்லை.

பூங்குழலி