ஒரே ஒரு குத்து

31 ஜனவரி 1934, புதன்

கிடங்கில் உப்பெல்லாம் ஈரம் கோத்துக் கிடக்கிறது. தோல் வியாபாரத்தில் உப்பு கெட்டால் எல்லாம் கெட்டது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். தம்பியை அடக்கம் செய்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பின்பக்கம் சிரிப்புச் சத்தம். யார் என்று கேட்டேன். எல்லோரும் குனிந்து உப்பை அள்ளத் தொடங்கினார்கள்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். நாளை வக்கீல் கேட்கும்போது முன்பின் ஆகக்கூடாது. தோலில் புழு வைத்துவிட்டது. உப்புப் போடுகிற கூலிக்காரன் காளையைத் தம்பி சிக்கந்தர் வாரால் அடித்தான். வேறு யாரை அடிப்பது? கொஞ்சம் அதிகமாகத்தான் அடித்தான். மஸ்தான் — எங்கள் வண்டிக்காரன், எங்கள் சோற்றில் வளர்ந்தவன் — ஓடி வந்து, "விடுங்க மொதலாளி, செத்துருவான்" என்றான். தம்பி விடவில்லை. மஸ்தான் அவனுடைய இடது விலாவுக்குக் கீழே ஒரு குத்து விட்டான். ஒரே ஒரு குத்து. சிக்கந்தர் அப்படியே உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

மண்ணீரல் வெடித்துவிட்டதாம். மலேரியாக் காய்ச்சலில் வீங்கிப்போய் இருந்தது, லேசாக அடிபட்டாலே போதும் என்று டாக்டர் அறுத்துப் பார்த்துச் சொன்னார். வீக்கம் எனக்கு முன்னமே தெரியும். போன வருஷம் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனவனே நான்தான். "யாருக்கும் சொல்லாதீக அண்ணே, தொழில்ல எளக்காரமாயிரும்" என்றான். சொல்லவில்லை. ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை.

என் தம்பி. நான் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை.

1 பிப்ரவரி

வக்கீல் கைலாசநாதன் சொல்கிறார்: "ஒரு குத்துக்கெல்லாம் தூக்கு கிடைக்காது ராவுத்தரே. நாலஞ்சு வருஷம் போட்டுட்டு விட்டுடுவான்."

நாலைந்து வருஷம்! உள்ளே களி தின்றுவிட்டு வெளியே வருவான். என் கண் முன்னால் வண்டி ஓட்டுவான். சிக்கந்தர் மண்ணுக்குள் கிடப்பான். முடியாது. எனக்கு அவன் கழுத்து வேண்டும்.

4 பிப்ரவரி

தம்பி மனைவி செய்னம்பு இத்தாவில் இருக்கிறாள். கணவன் போனவள் நான்கு மாதமும் சொச்சமும் வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. வேலைக்காரி சோணையம்மாள்தான் அறைக்குச் சோறு கொண்டுபோகிறாள். முடியட்டும், என் எண்ணத்தைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரி போய் ஆறு வருஷமாகிறது. தம்பி பெண்டாட்டியை அண்ணன் நிக்காஹ் செய்துகொள்வது ஊரில் இல்லாத வழக்கமா? தம்பி போன துக்கத்தில் இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறதா? இல்லை.

9 பிப்ரவரி, வெள்ளி

ஆத்திரம்.

ஜும்மாத் தொழுகைக்கு முன்னால் தமிழில் பயான், பிரசங்கம். ஹஜ்ரத் — எங்கள் பள்ளிவாசல் இமாம், பேரையூர்க் கரிசல்காட்டிலிருந்து வந்த மனிதர் — மூஸா நபி அலைஹிஸ்ஸலாம் கதையை எடுத்தார். கொடுங்கோல் மன்னன் பிர்அவ்னின் ஆள் ஒருவன் ஓர் ஏழையைப் போட்டு அடிக்கிறான். மூஸா நபி தடுக்கப்போய் ஒரு குத்து விடுகிறார்கள். அவன் செத்துப்போகிறான். நபி அழுது மன்னிப்புக் கேட்க, ஆண்டவன் மன்னிக்கிறான். "கொல்லணும்னு அவுங்க நினைக்கலியே. ஆனைக்கும் அடி சறுக்கும்ல" என்றார்.

பள்ளிவாசலே திரும்பி என்னைப் பார்த்தது. அதாவது — மஸ்தான் மூஸா நபி மாதிரி. என் தம்பி பிர்அவ்னின் ஆள்! மஸ்தானின் பெண்டாட்டி பாத்துமுத்து சுவருக்கு வெளியே நின்று கேட்டு அழுதாளாம்.

'என் தம்பியை எப்படிச் சொல்லலாம்' என்று சண்டைக்குப் போனால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். வேறு வழி வைத்திருக்கிறேன். நபிமார்கள் மஃஸூம் — பாவம் அண்டாதவர்கள். அது நம் ஈமான், நம் நம்பிக்கை. ஒரு நபியை ஆனையோடு சேர்த்து, சறுக்கினார் என்று சொன்னால் ஊர் பொறுக்குமா? நுணலும் தன் வாயால் கெடும். மாட்டிக்கொண்டீர், ஹஜ்ரத்.

11 பிப்ரவரி

தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் ஏறிவிட்டது. "நபியைப் பாவின்னாராமே, அம்புட்டுத் தைரியமா?" என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் திருத்தவும் இல்லை.

16 பிப்ரவரி, வெள்ளி

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் கூடியது. ஹஜ்ரத்தை நடுவில் உட்காரவைத்தோம். நான்தான் கேட்டேன்: "நபிமார்கள் பாவம் செய்வாகளா, மாட்டாகளா? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க."

"செய்ய மாட்டாங்க. மஃஸூம்தான். ஆனைன்னு சொன்னது என் வாய்த்துடுக்கு. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார். மனிதர் பதறவே இல்லை. "ஆனா ராவுத்தரே, அந்தக் குத்து ஏன் பாவமாகாதுன்னு மார்க்கம் படிச்ச ஆலிம்கள் சொல்றாங்க தெரியுமா? கொல்ற எண்ணம் இல்லே. சாவான்னு தெரியாது. அடிபட்டவனைக் காப்பாத்தப் போனது. அப்புறம் அழுதது அவுங்களோட பணிவு. இப்ப நீங்க சொல்லுங்க. தெரியாம விழுந்த ஒரு குத்து கொலைப் பாவமா, இல்லியா?"

பாவம் என்றால் நபியைப் பாவி என்றவன் நான். இல்லை என்றால் மஸ்தான் கொலைகாரன் இல்லை. கிழட்டு நரி! நான் விரித்த வலையில் என்னையே தள்ளிவிட்டார்.

அப்போதுதான் வாயில் வந்தது. தேடவில்லை, தானாக வந்தது. "மூஸா நபிக்கு அவன் சாவான்னு தெரியாது. மஸ்தானுக்குத் தெரியும். தம்பிக்கு மண்ணீரல் வீக்கம், மேல கை படக்கூடாதுன்னு அவன்கிட்ட நானே சொல்லியிருக்கேன்."

ஹஜ்ரத் என் முகத்தையே பார்த்தார். "பள்ளிவாசல்ல உக்காந்து சொல்றீங்க."

"ஆமா."

"அப்ப நான் அந்தக் கதையை எடுத்தது தப்பு" என்றார். அவ்வளவுதான். நம்பிவிட்டார்.

17 பிப்ரவரி

வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "இதை ஏன் ராவுத்தரே மொதல்லயே சொல்லலை? நோயாளின்னு தெரிஞ்சு அடிச்சா அது கொலை. சட்டத்துல அப்படியே இருக்கு!"

மறந்துவிட்டேன் என்றேன்.

23 பிப்ரவரி, வெள்ளி

ஹஜ்ரத் பயானில் எல்லோருக்கும் முன்னால், "நான் சொன்ன கதை மஸ்தானுக்குப் பொருந்தாது. அவன் தெரிஞ்சு அடிச்சவன்" என்றார். நான் கேட்கக்கூட இல்லை. தொழுகை முடிந்ததும் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

9 மார்ச்

பாத்துமுத்து கிடங்கு வாசலில் வந்து விழுந்து கிடந்தாள். "ஒங்க வீட்டு உப்பத் தின்னு வளந்தவருண்ணே" என்றாள். உப்பைத் தின்றவன் தண்ணி குடிக்கணும் என்றேன். வேலைக்காரர்களை விட்டு வாசலைக் கழுவச் சொன்னேன். அவள் எழுந்திருக்கும் முன்னாலேயே கழுவினார்கள்.

28 மார்ச்

பக்ரீத் தோல் வந்து குவிகிறது. மூச்சுவிட நேரமில்லை.

19 ஏப்ரல், வியாழன்

சாட்சி சொன்னேன். தடுமாறவில்லை. காளைக்கு முதுகு ஆறிவிட்டது. "மொதலாளி என்னைய அடிக்கலே சாமி" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான்.

கூண்டிலிருந்து மஸ்தான், "எப்பச் சொன்னீக மொதலாளி? எங்க வச்சுச் சொன்னீக? என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்று கத்தினான். ஜட்ஜ் அதட்டினார். நான் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

24 ஏப்ரல்

தூக்கு.

5 மே

சில நாள் காலையில் விழிக்கும்போது, உண்மையிலேயே மஸ்தானிடம் சொல்லியிருக்கிறேனோ என்று தோன்றுகிறது. கிடங்கு வாசல். அவன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். நான் கூப்பிட்டேன், சொன்னேன், "சரிங்க மொதலாளி" என்றான். வெயில்கூடத் தெரிகிறது. அப்படியானால் நான் பொய் சொல்லவில்லை அல்லவா?

சீ. வேலையைப் பார்.

13 மே

ஹஜ்ரத் ஜெயிலுக்குப் போய்விட்டு நேரே கிடங்குக்கு வந்தார். "தெரியாதுன்னே சாதிக்கிறான் ராவுத்தரே. சாகப்போற நேரத்துலயும் பொய். பொய்யோட போகாதடா, தவ்பா செய்யி, ஆண்டவன்கிட்ட மன்னிப்புக் கேளுன்னேன். என் காலைப் பிடிச்சான். தட்டிவிட்டுட்டு வந்துட்டேன்." கண் கலங்கியிருந்தது. நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்.

2 ஜூன், சனி

செய்னம்புவின் இத்தா முடிந்தது. பார்க்க வந்த பெண்கள் கோர்ட்டுக் கதை முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் என் எண்ணத்தைச் சொல்லப் போனேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்றபடி முந்திக்கொண்டாள்.

"மச்சான், அவுகளுக்கு மண்ணீரல் வீங்கி இருந்துச்சாமே?"

"ஆமா."

"ஒம்பது வருசம் கூட இருந்தேன். எனக்குத் தெரியாது. மஸ்தானுக்குச் சொன்னீகளா?"

"சொன்னேன்."

"வண்டிக்காரனுக்குச் சொன்னீக. எனக்கு ஏன் சொல்லலே? கிடங்குக்கே விட்டிருக்க மாட்டேன்ல மச்சான். வீட்டுல பொத்திப் பொத்தி வச்சிருப்பேன்ல."

ஹஜ்ரத் கேட்டபோது பதில் தானாக வந்தது. இன்று வரவில்லை. வேலைக்காரனிடம் சொல்லிவிட்டு இவளிடம் மறைத்தேன் என்றால், தம்பியைச் சாகவிட்டவன் நான். யாரிடமும் சொல்லவில்லை என்றால் — வேண்டாம், எழுத வேண்டாம்.

"நீங்க யார்கிட்டயுமே சொல்லலே. அதான் நெசம்" என்றாள். அழவில்லை. "கவர்னருக்கு மனு எழுதுங்க. செத்தவர் பெண்டாட்டி நான் கைநாட்டு வைக்கிறேன். அடிச்சதுக்கு ஜெயில்ல கெடக்கட்டும். அவன் சாக வேணாம் மச்சான். நீங்களும் இந்தப் பாவத்தச் சொமக்க வேணாம்."

சரி என்றேன். மனம் மாறிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். சோணையம்மாளிடம் வெள்ளைக் காகிதம் கொடுத்தனுப்பிக் கைநாட்டு வாங்கினேன். அடுப்பில் போட்டேன். மனு போய்விட்டது என்று சொல்லி அனுப்பினேன். இத்தனை மாதத்தில் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாளாம்.

25 ஜூன்

மேல்கோர்ட்டு தண்டனையை உறுதி செய்துவிட்டது. "மனுவுக்குப் பதில் வந்துச்சான்னு கேக்குறாக" என்கிறாள் சோணையம்மாள். தினமும் கேட்கிறாள். வரும் என்றேன்.

11 ஜூலை, புதன்

விடியும் முன்னால் முடிந்துவிட்டது. ஹஜ்ரத்தான் குளிப்பாட்டித் தொழவைத்தாராம். நான் போகவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பசிதான் எடுத்தது. சாப்பிட்டேன்.

12 ஜூலை

செய்னம்பு சோணையம்மாளை நேரே வக்கீல் வீட்டுக்கு அனுப்பிக் கேட்டிருக்கிறாள். "மனுவா? எந்த மனு?" என்றாராம் வக்கீல்.

கிடங்கிலிருந்து வந்தபோது அவள் அறை காலி.

"அம்மா வீட்டுக்கா?" என்று சோணையம்மாளிடம் கேட்டேன்.

"இல்லே மொதலாளி. மஸ்தான் வீட்டுக்கு. பாத்துமுத்து இத்தாவுல உக்காந்திருக்கு, சோறு ஆக்கிப்போட ஆள் இல்லேன்னு போய்ட்டாக. போற வழியில ஹஜ்ரத்து வீட்டு வாசல்ல நின்னு, அவுககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனாக."

போய் இழுத்துக்கொண்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். அந்த வீட்டு வாசல் வரை போனேன். இத்தா இருக்கிற வீட்டுக்குள் அந்நிய ஆண் கால் வைக்கக்கூடாது. அதுவும் நான்! உள்ளே இரண்டு பெண்களும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். செய்னம்பு குரல்தான் தெளிவாகக் கேட்டது, கஞ்சி குடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

13 ஜூலை, வெள்ளி

ஜும்மாவில் முதல் வரிசையில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். ஹஜ்ரத் இன்று தொழவைக்க முன்னால் நிற்கவில்லை. பாங்கு சொல்லும் மோதினாரை நிற்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். ஏன் என்று யாரோ கேட்டார்கள். "நான் நபி இல்லியே. தப்புப் பண்ணிட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

தொழுகை முடிந்ததும் எல்லோரும் எனக்கு சலாம் சொன்னார்கள். கை கொடுத்தார்கள். உப்பு விலை கேட்டார்கள். உன் தம்பி பெண்டாட்டி ஏன் அந்த வீட்டில் இருக்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.