மருந்துப் பை என் பொறுப்பு

ஜூன் 2, திங்கள்

என் வீட்டுக்காரிக்கு விடுப்பு கிடைத்துவிட்டது! எனக்குக் கிடைப்பதில் பிரச்சினையே இல்லை. நான் ஒரு வாரம் வராவிட்டால் கிடங்கில் சூப்பர்வைசர் நிம்மதியாக இருப்பார். கண்ணாடிச் சாமான்களைப் பெட்டியில் அடைக்கும்போது தேவைக்கு மேல் பஞ்சு வைக்கிறேன் என்று எனக்கு அங்கே 'பஞ்சு' என்றே பெயர். ஆனால் சரக்கு ரயில் ஓட்டுகிறவளுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் என்பது, சின்னவன் பிறந்த பிறகு இதுதான் முதல் தடவை.

வந்ததும் வராததுமாகப் பையைத் தரையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏரிக்கரையில வீடு பாத்துச் சொல்லிடு. வண்டி நீ ஓட்டு, மூட்டை நீ கட்டு. இந்தத் தடவை நான் டிரைவர் இல்ல, பயணி. எதைப் பத்தியும் என்கிட்ட கேக்கக் கூடாது."

"எதைப் பத்தியுமா?"

"பாத்தியா, இப்பவே கேக்குற."

ஜூன் 3, செவ்வாய்

மூட்டை கட்டுவது என் தொழில். இதில் என்ன பயம் எனக்கு?

ஆனால் பயமாகத்தான் இருக்கிறது. துணிமணி விஷயத்தில் இல்லை. மருந்து விஷயத்தில். இரண்டு வாண்டுகளோடு போகிறோம். ஆறு வயதுக்காரி வீட்டையே நிர்வாகம் செய்கிறாள், அதனால் 'மேனேஜர்'. இரண்டரை வயதுக்காரன் எங்கே விட்டாலும் உருண்டு போய் எதையாவது வாயில் போட்டுக்கொள்கிறான், அதனால் 'உருளை'. ஜுரம் வரும், வயிறு போகும், முட்டி தேயும், பூச்சி கடிக்கும். எல்லாம் ஒரே நாளில்கூட வரும்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு தாள் நிறைய எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள். "ஏம்பா, நாம ஏரிக்குப் போறோமா, போருக்குப் போறோமா?"

"பயணிகள் பேசக் கூடாது."

சிரித்தாள். பிறகு, "எதுக்கு இவ்ளோ பயப்படுற?" என்றாள்.

கிடங்கில் ஒரு குவளை உடைந்தால் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து வைப்போம், அவ்வளவுதான். வீட்டில் இன்னொன்று கிடையாதே. இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

மருந்துக் கடையில் மானம் போனது.

கவுன்டரில் இருந்த அக்காவிடம் தாளை நீட்டினேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படித்தார். பேனாவை எடுத்தார். அடித்தார். மறுபடி அடித்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி.

"இருமல் மருந்து எதுக்கு? இவ்ளோ சின்னப் பிள்ளைங்களுக்கு வேண்டாம். வாந்தி மாத்திரையும் சின்னவனுக்குக் குடுத்துடாதீங்க. வண்டியில போறப்ப வயித்தை நிரப்பாம, ஜன்னல் வழியா தூரத்துல பாக்கச் சொல்லுங்க."

"அவன் ஜன்னலை நக்குவான்க்கா."

"நக்கிட்டுப் போறான். இது என்ன, ஆன்டிபயாடிக்கா? டாக்டர் சொல்லாம தர மாட்டேன். சரி, பிள்ளைங்க எடை என்ன?"

"எடையா?"

"ஜுர மருந்து வயசைப் பாத்துக் குடுக்கறதவிட எடையைப் பாத்துக் குடுக்கறது நல்லது. சின்னவன் எவ்ளோ இருப்பான்?"

நான் யோசித்தேன். "தூக்கினா தோள்பட்டை வலிக்கிற அளவு."

எனக்குப் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். எடை பார்த்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் அக்கா. வெறுங்கையோடு வந்தேன்.

ஜூன் 7, சனி

வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லை. கிடங்கில் இருக்கிறது! அரை நாள் வேலைதான் என்பதால் இரண்டையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இரவு முழுக்க ரயில் ஓட்டிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பார்சல் தராசில் மேனேஜரை நிற்க வைத்தேன். இயந்திரம் எடையைக் காட்டிவிட்டு, தன் வழக்கப்படி ஒரு ஸ்டிக்கரைத் துப்பியது. அவளுக்குப் பரம சந்தோஷம். நெஞ்சில் ஒட்டிக்கொண்டாள். அதோடு விட்டாளா? பெட்டிகளில் ஒட்டுகிற மற்ற ஸ்டிக்கர்களும் வேண்டுமாம். நெற்றியில் 'இந்தப் பக்கம் மேலே'.

உருளை தராசில் நிற்கவே மாட்டேன் என்றான். உட்காரவும் மாட்டேன் என்றான். கடைசியில் ஒரு காலிப் பெட்டியைத் தராசில் வைத்தேன். தானாகவே உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டான். பெட்டி என்றால் அவனுக்கு உயிர். எடை வந்தது, பெட்டியின் எடையைக் கழித்தேன், எல்லாம் முறைப்படி. மேனேஜர் அவன் முதுகில் 'உடையும் பொருள்' என்று ஒட்டினாள்.

ஸ்டிக்கர் தீர்ந்ததால் உள்ளே போய்ப் புது ரோல் எடுத்து வந்தேன். அதற்குள் சூப்பர்வைசர் பெட்டியின் மூடியை மடக்கி, டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார். "பஞ்சு! இதுக்கு விலாசம் எங்கப்பா?"

பெட்டிக்குள்ளிருந்து, "உஷ்! நான் ஒளிஞ்சிருக்கேன்!" என்று ஒரு குரல்.

அந்த மனுஷர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

எடையோடு போனேன். அக்கா இப்போது மரியாதையாகப் பேசினார். ஜுரத்துக்கு ஸ்ட்ராபெரி வாசனையில் ஒரு மருந்து, அளந்து கொடுக்க ஊசியில்லாத சிரிஞ்சு, தெர்மாமீட்டர், வயிறு போனால் கரைத்துக் கொடுக்க ஓஆர்எஸ் பொட்டலம், புண்ணுக்கு ஒரு களிம்பு, பூச்சிக்கடிக்கு ஒன்று, பிளாஸ்டர். அவ்வளவுதான்! "சமையல் கரண்டியில அளக்காதீங்க. குடுத்த நேரத்தை எழுதி வைங்க. நீங்க ஒரு தடவை, வீட்டுக்காரம்மா ஒரு தடவைன்னு ரெண்டு பேரும் குடுத்துடாதீங்க."

இத்தனை சின்னப் பையா? எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஈடுகட்ட, ஒவ்வொன்றையும் கிடங்கில் கண்ணாடிக்குச் சுற்றுகிற காற்றுக் குமிழ் உறையில் சுற்றினேன். மூன்று சுற்று. பை தலையணை மாதிரி ஆகிவிட்டது. இப்போதுதான் பார்ப்பதற்கு ஒரு பொறுப்பான தகப்பன் கட்டிய மூட்டை மாதிரி இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

உருளை பையின்மேல் உட்கார்ந்து குமிழ் அத்தனையையும் வெடிக்க வைத்துவிட்டான். ஒன்று மிச்சமில்லை.

ஜூன் 11, புதன்

பிளாஸ்டர் பெட்டி காலி. குளிர்சாதனப் பெட்டிக்கு மூன்று, நாற்காலிக் காலுக்கு நான்கு, தூங்கிக்கொண்டிருந்த அவர்கள் அம்மாவின் காலில் ஐந்து விரலுக்கும். மேனேஜரைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"எல்லாருக்கும் அடி பட்டிருந்துச்சுப்பா."

"நாற்காலிக்குமா?"

"அதுக்குத்தான் ரொம்ப."

அந்தக் கையே மருந்துப் புட்டிக்கும் போயிருந்தால்? பையைத் தூக்கி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டேன். புது பிளாஸ்டர் வாங்கப் போனால் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் சிரித்ததுதான் கடுப்பாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

வந்து சேர்ந்தோம். ஏரி இருக்கிறது, வீடு இருக்கிறது, கொசுவும் இருக்கிறது.

வழியில் பெட்ரோல் பங்கில் உருளை விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். வந்தது என் நேரம் என்று பாய்ந்தேன். ஆனால் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது என்று பையை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தேன். பிள்ளைகள் கைக்கு மட்டுமல்ல, யார் கைக்கும் எட்டவில்லை. துணிப்பெட்டி, போர்வை, நீச்சல் வளையம், பாத்திரக் கூடை, எல்லாவற்றையும் தரையில் இறக்கினேன். பின்னால் வந்தவர்கள் நாங்கள் சந்தை போடுகிறோம் என்று நினைத்து விலை கேட்டார்கள். நான் வியர்த்து விறுவிறுத்துப் பிளாஸ்டரோடு திரும்பினால், உருளைக்கு எந்த முட்டி என்றே மறந்துபோயிருந்தது. நல்ல முட்டியை நீட்டினான்.

பயணி முன் இருக்கையில் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததால் கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலிருந்தே உடம்பு ஒரு மாதிரி. நேற்று வெயிலில் நின்றதாக இருக்கும்.

பிறகு எழுதியது — வெயில் இல்லை. பல் கிடுகிடுக்கிறது. அவள் நெற்றியில் கை வைத்தாள். "கொதிக்குதேப்பா!" தெர்மாமீட்டர் எடுத்தாள். குழந்தைகளுக்கு ஜுரமா என்று பார்க்க வாங்கியது. அதில் எண் சிவப்பாக வந்தால் பக்கத்தில் ஒரு அழுகிற முகம் வரும். எனக்கு அழுகிற முகம்தான் வந்தது.

"சரி, உனக்கு மாத்திரை எங்க வச்சிருக்க?"

பையைக் கை காட்டினேன்.

பையை மெத்தையில் கொட்டினாள். ஸ்ட்ராபெரி. ஓஆர்எஸ். களிம்பு. கரடிப் படம் போட்ட பிளாஸ்டர். பெரியவர்களுக்கு என்று ஒரு குண்டூசி முனை அளவுகூட இல்லை. ஐயோ, எப்படி விட்டேன்? இவ்ளோ பாத்துப் பாத்துக் கட்டினேனே! எவனுக்காவது இப்படி ஆகுமா!

இங்கே ஒரே ஒரு மருந்துக் கடை. ஞாயிற்றுக்கிழமை மூடல். பக்கத்து ஊர் போய்வர அரை நாள். அவள் சாவியை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? உடம்பு இப்படிக் கிடக்குது."

"பயணி நடுவுல வண்டி ஓட்டக் கூடாது." சொல்லிவிட்டுப் போர்வையைக் கண்வரை இழுத்துக்கொண்டேன். ஜுரத்தினால்தான். "உனக்காகத்தானே வந்தோம். நீ தூங்கவே இல்லையே இன்னும்."

அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்து, பையில் இருந்த ரசீதைப் பார்த்து நம் அக்காவின் கடைக்கே அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளைங்க மருந்தையே பெரியவங்க அளவுக்குக் குடுக்கலாம்மா. வேற மாத்திரை ஏதும் சாப்பிடறாரா? கல்லீரல் தொந்தரவு உண்டா? இல்லையே? அவர் எடை என்ன?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தூக்கவே முடியாத எடைக்கா."

அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு. புட்டியில் போட்டிருந்ததை வாசிக்கச் சொல்லி, கணக்குப் போட்டு, எத்தனை சிரிஞ்சு, எத்தனை மணி நேரம் கழித்து அடுத்தது, எப்போது டாக்டரிடம் போக வேண்டும், எல்லாம் சொன்னார். கடைசியில், "பெரியவங்களுக்கு எதுவும் வேண்டாமான்னு அன்னிக்கே கேட்டேன். 'எங்களுக்கு என்னக்கா வரப்போகுது'ன்னாரு" என்று போட்டும் கொடுத்தார்.

அம்மா அளந்து நிரப்பிக் கொடுக்க, மேனேஜர் வாங்கிக்கொண்டாள். உருளை என் தாடையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆ காட்டுங்க. இன்னும் பெருசா. விமானம் வருது... தம்பி பாருங்க, எவ்ளோ சமத்தா இருக்கான். துப்பினீங்கன்னா மறுபடி முதல்லேருந்து."

இதெல்லாம் என் வசனம். ஒரு எழுத்து விடாமல்.

நான்கு சிரிஞ்சு. நான்கு விமானம். குடித்து முடித்ததும் உருளை கைதட்டினான். என் கன்னத்தில் ஒரு கரடி பிளாஸ்டர்.

ஜூன் 16, திங்கள்

ஜுரம் விட்டு விட்டு வருகிறது. மருத்துவமனை இரண்டு ஊழியர்களோடு முழு நேரமும் இயங்குகிறது. மேனேஜர் மணிக்கொருதரம் தண்ணீர் கொண்டுவருகிறாள், பாதி என்மேல். உருளை என் வயிற்றின்மேல் உட்கார்ந்து காவல் காக்கிறான். இரண்டும் என்னைவிட்டு இம்மியும் நகரவில்லை. மத்தியானம் மூன்று பேரும் ஒரே போர்வையில் தூங்கினோம். என்னைத் தனியாகப் படுக்க வைக்க வேண்டும், தொற்றிக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தேன். "நோயாளி பேசக் கூடாது" என்றாள் மேனேஜர். இது யாரிடம் கற்றதோ!

கடை திறந்தது, அவள் நடந்தே போய் மாத்திரை வாங்கிவந்தாள். நான் முகத்தைச் சுளித்தேன்.

"என்ன?"

"கசக்குமே. அந்த ஸ்ட்ராபெரி..."

"வாயைத் திற."

ஜூன் 17, செவ்வாய்

ஜுரம் இல்லை. கால் மட்டும் பஞ்சு மாதிரி.

சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் ஏரியில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். கையைக் காலை அசைக்கவே இல்லை. நேற்றும் இப்படித்தானாம், முந்தாநாள் சாயங்காலமும் பிள்ளைகள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தபோது. நேற்று மத்தியானம் நாங்கள் தூங்கிய நேரத்தில் அவளும் பக்கத்து அறையில் தூங்கியிருக்கிறாள். சாயங்காலம் கன்னத்தில் தலையணைக் கோட்டோடுதான் வந்து நின்றாள்.

தலை சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். ஏதோ முனகலாகப் பாடிக்கொண்டே வந்தவள், என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"எழுந்துட்டியா?" குரலில் ஒரு சின்ன வருத்தம்.

"ஏன், எழுந்திருக்கக் கூடாதா?"

"இல்ல... இன்னும் ரெண்டு நாள் படுத்திருந்தா உடம்புக்கு நல்லதுன்னு அக்கா சொன்னாங்க."

அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. நான்தான் ஸ்பீக்கரில் கேட்டேனே. ஆனாலும் போய்ப் படுத்துக்கொண்டேன். லேசாக இருமியும் காட்டினேன்.

ஜூன் 19, வியாழன்

நாளை கிளம்ப வேண்டும். காலையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். எதை எதற்கு அடியில் வைப்பது என்று யோசித்துக்கொண்டு. வாசலில் மூன்று பேரும் நின்றார்கள்.

"வா, தண்ணிக்கு."

"எனக்கு நீச்சல் தெரியாதே."

"முட்டியளவு போதும். வாப்பா."

"இரு, வளையம், துண்டு, பூச்சிக்கடிக் களிம்பு, பிளாஸ்டர் நாலு..."

அவள் என் கையைப் பிடித்தாள். இன்னொரு கையை மேனேஜர் பிடித்தாள், உருளை காலைப் பிடித்தான்.

போய்விட்டேன். ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை, துண்டுகூட. ஆழமில்லாத இடத்தில் நால்வரும் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தோம், விரல் நுனியெல்லாம் சுருங்கும்வரை. திரும்பி வரும் வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தோம். வீட்டுத் தரை முழுக்க ஈரம். அப்படியே கிடக்கிறது.