பட்டனை அமுக்க ஒரு போன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நொய்டாவிலிருந்து மதி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? நான் நலம். போனில் பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி இணையதளம் நின்றுபோனால், செய்ய வேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டரே வரிசையாகச் செய்துமுடிக்கும்படி ‘ரன்புக்’ ஒன்று அமைத்திருக்கிறேன். ஆள் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தால், ஷிஃப்டில் இருந்த சகாயராஜிடமிருந்து போன். நம்ம வத்தலக்குண்டுப் பையன்தான்.

“அக்கா, சைட் நின்னுபோச்சு. பட்டனை அமுக்கட்டுமா?”

“அதுக்குத்தானடா வச்சிருக்கேன், அமுக்கு!”

“செத்த நேரம் லைன்லயே இருங்கக்கா. பயமா இருக்கு.”

நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோதே பலமுறை கூப்பிட்டானாம். நான் எடுக்கும்வரை பட்டனைத் தொடவே இல்லை; அதுவரை சைட் நின்றே கிடந்தது. மறுநாள் மேனேஜரிடம் திட்டு எனக்கு. பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள். ஆனால் பற்றிக்கொண்டு வருகிறது அப்பா. யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது என்றுதானே இம்புட்டும் செய்தேன்?

அம்மாவிடம் பருப்புப் பொடி அரைத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வெஞ்சனம் எதுவும் வாயில் வைக்க முடியவில்லை.

காந்திகிராமத்தில் படித்தபோது, வகுப்பு நடுவிலும் கூப்பிடுவீர்கள்: “ஆத்தா மதி, மோட்டாரு ஓட மாட்டேங்குது.” நொய்டாவுக்குக் கிளம்பும் முன், என்ன செய்ய வேண்டுமென்று ஒரு சீட்டில் எழுதி மோட்டார் ரூம் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். இப்போது அதைப் பார்த்து நீங்களே ஓட்டிவிடுகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். மோட்டாருக்காக என்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

ஆபீஸ் கேப்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன். அந்தச் சீட்டைக் கிழித்துப்போடுங்கள் அப்பா.

மதி