இரண்டாவது பிளக்

ஜூன் 10, செவ்வாய்

முதலாளி குருமூர்த்தி இன்று ஒரு பெண்ணைப் பட்டறை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். வெற்றிச்செல்வி, வரதராஜன்பேட்டை. சென்னையில் ஆறு மாதம், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் வேலை படித்தவளாம். "அரியமுத்து, இனிமே ஹைபிரிட்ல அது சொல்றதுதான்" என்றார். பெரம்பலூர் பைபாஸில் இருபத்திரண்டு வருடமாக எலக்ட்ரீஷியன் நான். நேத்துப் பேஞ்ச மழைக்கு இன்னைக்கு மொளைச்ச காளான் எனக்குச் சொல்லுமாம்!

ஜூன் 12, வியாழன்

அரியலூர் டிப்பர் லாரி முதலாளி கொளஞ்சியப்பனின் ஹைபிரிட் வந்தது. எச்சரிக்கை விளக்கு எரிகிறது, இழுவை இல்லை. வாங்கி ஒரு வருடமாகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை மனுஷன். பின் சீட்டு உறை, பேட்டரிக்குக் காற்று போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. முதலில் கண்டுபிடித்தது அவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் ஒரே அலட்டல். கையுறைக்குள் காற்றை ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். கரண்டைத் துண்டிக்க, பேட்டரியின் ஆரஞ்சு நிறப் பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மிச்சக் கரண்ட் இறங்கட்டும் என்று பத்து நிமிடம் சும்மா நின்றாள். பிறகு மீட்டரை வைத்து, சைபர் என்று பார்த்த பிறகுதான் கை வைத்தாள்.

"பிளக்குதான் ஒன் பையில இருக்குல்ல. அப்புறம் எதுக்கு மீட்டரு?" என்றேன்.

"எரநூறு வோல்ட்டுண்ணே. தொட்டா ஆளு இருக்காது."

எனக்கே கரண்ட் பாடம்! வண்டி கழுவும் அஜித்குமார்கூடச் சிரித்தான்.

ஜூன் 13, வெள்ளி

இன்று நடந்ததை எழுதியாக வேண்டும்.

கொளஞ்சியப்பன் காலையிலேயே வந்து கத்தினார். "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி வெளிய வந்துடணும்." பேட்டரியின் இணைப்புத் தகடுகளில் பச்சை பூத்திருக்கிறது, சுத்தம் செய்யாமல் தரமாட்டேன் என்றாள் அவள். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள், பிளக்கோடு. முதலாளி என்னைப் பார்த்தார். "ஒன்னால முடியாதாய்யா?"

கொல்லையில் விபத்தில் நசுங்கிய அதே மாடல் கார் ஒன்று கிடக்கிறது. அதன் பிளக்கைக் கழற்றி வந்து, டிக்கி ஓரமாக இதில் மாட்டினேன். கிளப்புவதற்குள் அவள் வந்துவிட்டாள். நகர்ந்துவிட்டேன்.

அவள் பின் சீட்டுப் பக்கம் குனிந்து கையுறையை மாட்டினாள். கம்ப்ரசர் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'இரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரவில்லையே — ஏன் வரவில்லை? அவள் முன்னால் அசிங்கப்படணுமே என்றுதான். அடப்பாவி, அதுக்காக ஒரு உசுரா?

மீட்டரை வைத்தாள். இருநூற்றுப் பதினொன்று. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் பிளக் அங்கேயேதான் இருந்தது.

"யாரு போட்டது?" கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். நான் கம்ப்ரசரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

ஜூன் 14, சனி

பழி அஜித்குமார் மேல். வண்டி கழுவ டிக்கியைத் திறந்தவன் அவன்தானாம். நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார் முதலாளி. அவருக்குத் தெரியாதா, யாரை ஏவிவிட்டோம் என்று?

ஜூன் 15, ஞாயிறு

கறி எடுக்கப் போனவன், அஜித்குமார் வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

பிளக்கை மாட்டியது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். "விடுய்யா, ஒன்னும் ஆவலைல்ல" என்றார் முதலாளி. அஜித்தைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் கிட்டே வந்தாள். "நான் கையுறை போடுறப்ப நீங்க அங்கதானே நின்னீங்க?"

ஆமாம் என்றேன்.

"பாத்துக்கிட்டா?"

ஆமாம்.

மன்னிப்புக் கேட்டேன். "நீங்களே வச்சுக்கங்க" என்று போய்விட்டாள். அவ்வளவு திமிர். ஆனால் என்ன தப்பு அதில்?

ஜூலை 2, புதன்

இன்று மறுபடி ஒரு ஹைபிரிட் வந்தது. பேட்டரி மூடியைத் திறக்கும் முன் வண்டிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். வேலை முடியும்வரை நான் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். பட்டறையே பார்த்தது. நடுவில் இரண்டு முறை தலையைத் தூக்கி, இருக்கிறேனா என்று பார்த்தாள். இருபது நிமிடம். எழுந்திருக்கவில்லை நான்.