ஏற்கெனவே பதிவான எண்

என்னங்க,

உடம்புக்கு எப்படி இருக்கிறது? அத்தைக்கு முட்டி வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பல ஆயிரம் பேர் பயன்படுத்தும் வரன் தேடும் செயலி ஒன்று எங்கள் குழுவுக்குச் சோதிக்க வந்திருக்கிறது. மேலாளர் வழக்கமான சோதனைப் பட்டியலை மூடி வைக்கச் சொல்லிவிட்டார். "மனசு போற பக்கமெல்லாம் போய்த் தட்டிப் பாருங்க. எங்க உடையுதுன்னு பாப்போம்" என்றார். புதிதாகச் சேர்பவர் போல ஒரு கைபேசி எண் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உங்களுடையதுதான்.

'இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு மணமகன் பதிவு செய்திருக்கிறார்' என்று வந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

யார் கேட்டாலும் இப்படி உளறுவது பெரிய ஓட்டை என்று எழுதிக் கொடுத்தேன். "முதல் நாளே பிரமாதம்மா!" என்று எல்லோரும் கை தட்டினார்கள். யாருடைய எண் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அலமாரி மேல்தட்டில் இருக்கும் என் நீலப் போர்வையை அனுப்பி வையுங்கள். கூடவே நம் கல்யாணச் சான்றிதழின் நகல் ஒன்று. அலுவலகத்துக்கு இல்லை, நான் பார்க்கத்தான்.

நேற்று அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். இனி அந்தச் செயலி யாரிடமும் வாயைத் திறக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பேருந்து வந்துவிட்டது.

இப்போதைக்கு,
உங்கள் மனைவி