செவிலிமேட்டில் வெந்த முட்டை

காஞ்சிபுரம்
8.1.2003

சிரஞ்சீவி ஸுபத்ராவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நான் உடம்புக்குச் சௌகரியமாக இருக்கிறேன். மாப்பிள்ளையும் நீயும் குழந்தைகள் இரண்டும் அந்த ஊர்ப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. போனில் பேசினால் நான் ‘சரி, சரி’ என்பதைத் தவிர ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறாய். கோபம் ஒன்றும் இல்லையம்மா. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் நம்முடையதா இல்லையா என்றே தெரியாமல் இருக்குமே, ஆவணியில் அப்பா போனதிலிருந்து எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. காலையில் எழுந்திருக்கிறேன், வாசல் தெளிக்கிறேன், தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் காட்டிவிட்டுச் சாப்பிடுகிறேன். முந்தாநாள் உன் மாமா பிள்ளை ஸ்ரீகர் வந்து சாப்பிட்டுவிட்டு ரசத்தில் உப்பே இல்லையே அத்தை என்றான். அவன் வருவதற்கு முன்னால் நான் அதே ரசத்தைத்தான் இரண்டு தரம் விட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்திருந்தேன். அழுகையும் போன வாரம் வரைக்கும் வரவில்லை. நீ வந்திருந்த பதின்மூன்று நாளும் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், வராததற்கு நான் என்ன செய்ய.

தேஜஸுக்கு எடை ஏறவில்லை, அங்கே டாக்டர் முட்டை கொடுக்கச் சொல்கிறார், இவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தாத்தா கொடுத்த மாதிரி கொடு என்று அழுகிறான், அப்பா எத்தனை கொடுத்தார், எப்படிக் கொடுத்தார் என்று கேட்டிருந்தாயே, அந்த வரியை நான்கு தரம் படித்தேன். குழந்தை ஏதோ உளறுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருஷம் ப்ரியங்கா வயிற்றில் இருந்தபோது உன்னைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார்கள் என்று அவனை ஆறு மாதம் இங்கே விட்டாய். தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லி நீ போனில் கெஞ்சினாய். என் தளிகை அறைக்குள் மட்டுமில்லை, என் வாசற்படிக்குள்ளேயே அது வராது என்று நான் கத்தியது எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். நீ போனை வைத்துவிட்டாய். அப்பா பேப்பரைத் தாழ்த்தாமல் உட்கார்ந்திருந்தார், என் கட்சி என்று எடுத்துக்கொண்டேன். வரும்போது பதினொரு கிலோ இருந்த பிள்ளை சித்திரையில் உன்னிடம் திரும்பும்போது பதின்மூன்று இருந்தான். எல்லாம் என் நெய்யும் பருப்பும் என்று சந்நிதித் தெரு முழுக்க நான் பெருமை அடித்துக்கொண்டது உனக்கே தெரியும்.

ஆனால் பஸ்ஸில் போவோம், கோழி ஆயா வீடு என்றெல்லாம் அவன் சொல்வதாக நீ எழுதியிருந்தது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. பிள்ளையை ஆற்று மணலில் ஓடவிடுகிறேன் என்று அப்பா தினமும் நாலு மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு செவிலிமேடு பஸ் ஏறுவார், அது உண்மை. அங்கே வீடு கட்டிக்கொண்டு போன கோதண்டபாணியை உனக்கு நினைவிருக்கும், முசரவாக்கத்திலிருந்து வந்து அப்பாவிடம் கணக்குப் படித்தவன். பத்தாம் நாள் வந்து வாசலிலேயே நின்றானே, அவன் சம்சாரம் செல்லியம்மாள் என்னைப் பார்த்து, தினம் சாமி எங்க வூட்டுக்கு என்று ஏதோ ஆரம்பித்தாள், அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று அது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. போன வியாழக்கிழமை சமையலை முடித்துவிட்டு நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். வருஷம் திரும்பும் முன்னால் இப்படி வெளியே கிளம்பலாமா மாமி என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். நான் பாட்டுக்குப் போய்விட்டேன்.

என்னைப் பார்த்ததும் செல்லியம்மாளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உள்ளே கூப்பிடவும் பயம், வெளியே நிறுத்தவும் பயம். நானே போய் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை கொடுத்தாய், அதைச் சொல் என்றேன். தினம் ஒண்ணுதாம்மா, ஏகாதசி அன்னிக்கு மட்டும் வேணாம்னுடுவாரு, அன்னிக்கு வாழப்பழம், நான் ஒண்ணும் தப்பு பண்ணலமா என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அழாதே, முழுக்கச் சொல் என்றேன். மொதல்ல எல்லாம் சாமி மூக்கப் பொத்திக்கினு அந்த வேப்பமரத்தாண்ட போயி நிப்பாரு, நாந்தான் உரிச்சு ஊட்டுவேன், கொயந்த துப்பிடும். அப்புறம் ஒரு நாளு அவரே கிட்ட வந்து, குடு நான் பார்க்கறேன்னு உரிச்சாரு, தோலோட பாதி முட்டையும் பூடுச்சு, கொயந்த கைகொட்டி சிரிச்சுது. அன்னிலேருந்து அவரு கையால குடுத்தாத்தான் துன்னும் என்றாள். அப்பா எப்படி ஊட்டுவார் என்றும் கேட்டு வந்தேன், நன்றாகக் கவனித்துப் படி. முழுசாகக் கையில் கொடுக்கக் கூடாது. நூலால் நாலாக அறுத்து, மஞ்சள் கருவைப் பிசைந்து, மிளகுப் பொடியும் உப்பும் தூவி, ஒவ்வொரு துண்டுக்கும் அவன் ஒரு வாய்ப்பாடு சொல்ல வேண்டும். ஓரெண்டு இரண்டு என்றால் ஒரு துண்டு, ஈரெண்டு நாலு என்றால் அடுத்தது. நாலெண்டு எட்டில் முட்டை முடிந்துவிடும். அவன் ஐயெண்டு பத்து என்று கையை நீட்டுவானாம், அது நாளைக்கு என்பாராம்.

அந்த மிளகுப் பொடி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவித்துத் தொண்டை கட்டிக்கொள்கிறது, மிளகு இடித்துக் கொடு என்று வாராவாரம் என்னிடம் கேட்டு வாங்கினார். சின்ன டப்பாவில் போட்டுத் ‘தொண்டைக்கு’ என்று சீட்டு எழுதி ஒட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போவார். வறுத்து, இடித்து, சலித்து நான்தான் கொடுத்தேன் ஸுபத்ரா. வீட்டிலே ஏன் சொல்லலை என்று மட்டும் கேட்டேன். செல்லியம்மாள் ரொம்பத் தயங்கினாள். பெருமாள்கிட்ட சொல்லிட்டேன் செல்லியம்மா, வீட்டம்மாகிட்டதான் தைரியம் வரலன்னுவாரு, சிரிச்சுக்கினேதான் சொல்லுவாரும்மா என்றாள்.

திரும்பும்போது நேரே பஞ்சாட்சரம் டாக்டரிடம் போனேன். அப்பா கொடுத்தார் என்பதற்காக மட்டும் நான் உனக்கு எழுதிவிட முடியுமா, நீயோ ஒருத்தர் மூன்று என்கிறார், ஒருத்தர் மஞ்சள் கரு ஆகாது என்கிறார் என்று குழம்பியிருக்கிறாய். கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு நான் போய் நாலு வயதுப் பிள்ளைக்கு எத்தனை முட்டை கொடுக்கலாம் என்று கேட்டேன், கம்பவுண்டர் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். டாக்டர் ஆச்சரியப்படவில்லை. போன வருஷம் வாத்தியார் சார் இதையேதான் கேட்டுக்கினு வந்தாரு என்றார். பேரன் இரண்டாவது கேட்கிறான், கொடுக்கலாமா என்று கேட்டாராம். இந்த வயதுக்குத் தினம் ஒன்று தாராளம், மஞ்சள் கருவோடு கொடுக்கலாம், அரைவேக்காடு ஆகாது, கெட்டியாக வேக வேண்டும் என்றார். ஒன்றுக்கு மேல் போனால் கெடுதல் என்று பயமில்லை, ஆனால் அதிலேயே வயிறு நிரம்பி சாதம், பருப்பு, கீரை, பழம் எல்லாவற்றையும் பிள்ளை ஒதுக்கிவிடும், அதற்காகத்தான் ஒன்று என்றார். உடம்பில் தடிப்போ உதட்டில் வீக்கமோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். வேண்டாம் என்கிற நாளில் திணிக்காதே, அதையும் சொன்னார். முட்டை உடம்புக்குச் சூடு என்று நான் சொன்னதற்குச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் திறந்ததும்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அந்த ஆறு மாதமும் அப்பா சாயங்காலம் வந்ததும் உள்ளே நுழையாமல் கொல்லை வழியாகப் போய்க் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொள்வார், பிள்ளைக்கும் கை கால் முகம் கழுவித் துணி மாற்றுவார். மார்கழி, தை, அந்தக் குளிரிலும் ஒரு நாள் விடவில்லை. வயதாக ஆக இவருக்கு ஆசாரம் ஏறுகிறது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன். நான் தீட்டு என்பதை என் வீட்டுக்குள் கொண்டுவராமல் இருக்க எழுபது வயதில் அந்த மனிதர் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நடுங்கியிருக்கிறார். அன்று நானும் செவிலிமேட்டிலிருந்துதானே வந்தேன், அதே வாளியில் இறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். முதல் செம்பிலேயே மூச்சு நின்றுவிட்டது, அவ்வளவு குளிர். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா. நான் கத்தியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் வெந்நீர் போட்டு வைத்திருப்பேன். அதை அவரிடம் சொல்கிற மாதிரி உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எதிர்வீட்டு மாமி ஓடிவந்துவிட்டாள். எத்தனை நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. இன்று மறுபடி கன்னம் மரத்துத்தான் இருக்கிறது, ஆனால் ரசத்துக்கு உப்புப் போட்டேன்.

குழந்தைகள் இரண்டும் நீண்ட ஆயுளோடு வளரட்டும், நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள். வருகிற வருஷம் நீ வரும்போது தேஜஸைச் செவிலிமேட்டுக்கு அழைத்துப் போக வேண்டாம். கொல்லையில் தனி அடுப்பும் ஒரு சின்னப் பாத்திரமும் வைத்திருக்கிறேன், செல்லியம்மாளை வரச் சொல்லியிருக்கிறேன், உரிக்க நானும் பழகிக்கொள்கிறேன். ஸ்ரீகர் இருபதாம் தேதி அங்கே கிளம்புகிறான், அவனிடம் மிளகுப் பொடி கொடுத்து அனுப்புகிறேன், நேற்றுத்தான் இடித்தேன். அப்பாவின் அதே டப்பாவில்தான் போட்டிருக்கிறேன், கழுவும்போது மேலே ஒட்டியிருக்கிற சீட்டு மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்.

உன் அம்மா
அம்ருதவல்லி