தோஹாவிலிருந்து திரும்பிப் போன மகனுக்கு

அன்பு மகன் ஆமிருக்கு, ஆம்பூரிலிருந்து அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நானும் உன் தங்கை முபஷ்ஷிராவும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன், இதை அவள் போட்டோ எடுத்து அனுப்புவாள்.

உன் அப்பா மவுத்தான அன்றைக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. விடியும் முன்னே ஃபஜர் தொழுகை நேரத்தில் உயிர் போனது, அவரை ஹாலில் ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம், அவர் தம்பி, உன் சாச்சா முனீர் அகமது வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு பிரேசிலில் உன் ஊர் ஏர்போர்ட்டுக்கும் சென்னை ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தேடுகிறார். பதினாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினேழு பதினெட்டு மணி நேரம் என்று வந்ததாம். அது உலகப் படத்தில் கோடு போட்டு அளந்த கணக்கு சாச்சா, அப்படி நேராக விமானமே கிடையாது, இரண்டு இடத்தில் மாற வேண்டும் என்று முபஷ்ஷிரா சொன்னாள், யார் கேட்டது? மகன் வருகிறார், நாளை ஃபஜருக்குப் பிறகு ஜனாஸா தொழுது அடக்கம் என்று மசூதி மைக்கில் சொல்லவைத்துவிட்டார். வந்தவர்கள் டீயும் சமோசாவும் தின்றுகொண்டு, எந்த விமானம் சீக்கிரம் போகும், யார் மகன் ஜெர்மனியிலிருந்து எப்படி வந்தான் என்று கதை அளந்தார்கள். சீ, மய்யத்து வீடா அது. சாயங்காலம் நீ சாவ் பாலோவிலிருந்து பேசி, இப்போதுதான் ஏறப்போகிறேன் என்றாய். உடனே ஜனாஸா நாளை மறுநாள் என்று மறுபடியும் மைக். எனக்குப் பொறுக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்தே சொன்னேன்:

"மய்யத்த இன்னும் இன்னாத்துக்குக் காக்க வெக்கிறீங்க? என் புள்ள வந்தா கபருகிட்ட நின்னு துவா கேக்கட்டும். எடுத்துனு போங்க."

அன்று ராத்திரியே இஷா தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். முடிவு என்னுடையது. அதற்காக நீ என்னோடு பேசாமல் இருந்தால் இரு, தாங்கிக்கொள்வேன். ஆனால் விமானம் மாறத் தோஹாவில் இறங்கி விஷயம் கேட்டதும், "அதான் முடிஞ்சிடுச்சே, இனிமே வந்து இன்னா பண்ணப் போறேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போனாயே, அதைக் கேட்டபோது சாச்சா மேல் இருந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. தோஹாவிலிருந்து சென்னைக்கு நாலரை மணி நேரம்தானாம், நானும் பார்க்கச் சொன்னேன். கம்மி தூரத்தை விட்டுவிட்டு ஜாஸ்தி தூரத்துக்குப் போயிருக்கிறாய். பெற்ற மகனாச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. அந்த ஊர் குளிரில் நெஞ்சில் சளி பிடிக்க விடாதே. தொழுகையை விடாதே, அப்பாவுக்காக யாசீன் ஓது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நான் உன் அப்பாவுக்காக இத்தாவில் இருக்கிறேன், நாலு மாசம் பத்து நாள் வாசலைத் தாண்ட மாட்டேன், நீ எந்த விமானத்தில் எத்தனை இடம் மாறி வந்தாலும் வீட்டில்தான் இருப்பேன். அன்றைக்கு எடுத்தது உன் அப்பாவை மட்டும்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா மஹ்பூபி